கோள் சொல்லும் நீர்த்தாரை

வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளமொன்று கரையை விட்டு ஓடத் தொடங்கியதும், இயந்திரத்தின் பின்புறத்தில் அமைந்த சிறு துவாரமொன்றிலிருந்து விரலினும் மெலிந்த நீர்த்தாரையொன்று பாய்ந்து கடலில் விழுவதைக் காணலாம். கரையில் நின்று பார்ப்போர் அதனை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஆனால், பழகிய கடற்றொழிலாளி கயிற்றை இழுத்து இயந்திரத்தை முடுக்கியவுடன் முதலில் திரும்பிப் பார்ப்பது அதனையே. "தண்ணி அடிக்குதோ?" என்பதே அணியத்தில் இருப்பவன் அவனிடம் கேட்கும் முதல் வினா.

ஆங்கிலத்தில் இத்தாரைக்குக் 'கோள்சொல்லி' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. உள்ளே நடப்பதை வெளியே சொல்லிவிடுவதால் அப்பெயர் பொருத்தமானதே. எனினும், கோள்சொல்லியின் வார்த்தையை முழுவதும் நம்புவதும் தவறு. அறவே புறக்கணிப்பதும் தவறு. தாரை நின்றுவிட்டபோதும் இயந்திரம் நலமாயிருத்தல் கூடும். தாரை செவ்வனே பாயும்போதும் உள்ளே இயந்திரம் வெந்துகொண்டிருத்தல் கூடும். இவ்விரு நிலைகளையும் பிரித்தறியத் தெரிந்தவனுக்கே அத்தாரையாற் பயன் உண்டு.

எரிபொருளை எரித்து வலுவைப் பெறும் இயந்திரம் எதுவாயினும், அந்த வெப்பத்திற் பெரும்பகுதியை வீணாக்கியே தீரும். சிறிய ஈரடிப்பு இயந்திரமொன்றில் எரிபொருளின் சத்தியில் நாலிலொரு பங்கோ அதனினும் குறைவோதான் விசிறியைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியது புகையோடும் இயந்திரத்தின் உடலோடும் வெப்பமாகச் சேர்கிறது. உருளைக்குள்ளே எரியும் வாயு 2000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பநிலையை ஒரு கணம் எய்துகிறது. உருளையும் பிஸ்டனும் பெரும்பாலும் அலுமினியக் கலப்பாலானவை. தூய அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். அவ்வாறிருந்தும் அவை உருகாமல் நிற்பதற்குக் காரணம், அவற்றைச் சூழ்ந்து இடையறாது ஓடும் நீரேயாகும்.

மோட்டர் வண்டியில் ஒரே நீர் மீண்டும் மீண்டும் சுற்றி வருகிறது. முன்னாலுள்ள தட்டிக்குழாய்களிற் காற்றுப் பட்டு அது ஆறுகிறது. படகின் பின்னே தொங்கும் இயந்திரத்துக்கு அத்தகைய பாரத்தைச் சுமக்க இடமில்லை. நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்றூட் என்பார் 1909ஆம் ஆண்டு மில்வோக்கி நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரம் 62 இறாத்தல் நிறையும் ஒன்றரைக் குதிரைவலுவும் உடையது. ஒருவன் தோளிற் சுமந்துசென்று படகிற் பூட்டக்கூடிய பொருளாக அது அமைந்ததே அதன் சிறப்பு. அவ்வழி வந்த இன்றைய இயந்திரங்கள், சூழவுள்ள கடல்நீரையே உறிஞ்சி, ஒருமுறை பயன்படுத்தி, மீண்டும் கடலிலேயே விட்டுவிடுகின்றன. ஏற்பாடு எளிது, செலவும் இல்லை. ஆனால், கடல் தன் நீரை மட்டும் அனுப்புவதில்லை. மணல், சேறு, சாதாழை, சிப்பிக்குஞ்சு, அறுந்த வலைநூல், இக்காலத்தில் எல்லாவற்றுக்கும் மேலாகப் பிளாஸ்டிக் பை என இவையனைத்தும் நீரோடு சேர்ந்தே வருகின்றன. கடல்நீரின் ஒவ்வொரு கிலோகிராமிலும் ஏறத்தாழ 35 கிராம் உப்பு வேறு கரைந்திருக்கிறது.

நீர் செல்லும் வழியை மனத்திற் கொண்டாற் பழுதின் இடத்தைத் தேடுவது எளிதாகும். இயந்திரத்தின் கீழ்க்காலில், விசிறிக்குச் சற்று முன்னும் மேலுமாக, சல்லடை போன்ற வாய்கள் உள்ளன. அவற்றின் வழியே நீர் நுழைகிறது. பற்சில்லுப் பெட்டிக்கு மேலே அமைந்த பம்பி அதனை உறிஞ்சி, நீண்ட குழாயொன்றின் வழியே மேலே தள்ளுகிறது. நீர் உருளைகளைச் சூழ்ந்த அறைகளைச் சுற்றிவந்தபின், வெப்பநிலைநிறுத்தியைக் கடந்து, புகையோடு கலந்து கீழே இறங்கிக் கடலிற் சேர்கிறது. இடையில் எங்கேயோ பிரியும் ஒரு சிறு கிளைதான் வெளியே தெரியும் தாரை. அது கிளையே, ஆறு அன்று. இந்த ஒரு செய்தியை மறவாதிருந்தாற் பின்வருவனவெல்லாம் விளங்கும்.

கடலில் ஓடிக்கொண்டிருக்கையில் தாரை மெலிகிறது அல்லது நின்றுபோகிறது என்று கொள்வோர், "கரைக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று எண்ணுவது மனித இயல்பு. அந்த எண்ணத்தாற் பாழான இயந்திரங்கள் பல. நீரின்றி ஓடும் இயந்திரத்தில் பிஸ்டன் வெப்பத்தால் விரிந்து உருளைச் சுவரோடு உராய்ந்து இறுகிப்போவதற்கு நெடுநேரம் தேவையில்லை. சில நிமிடங்களே போதும். அவ்வாறு இறுகியதைக் கடலில் வைத்துச் சரிசெய்தல் எவராலும் இயலாது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்றிலே, வடமராட்சிக் கரையிலிருந்தோ முல்லைத்தீவுக் கரையிலிருந்தோ சென்ற வள்ளத்தின் இயந்திரம் நின்றுபோனால், காற்று அதனைக் கரைக்குத் தள்ளாது. வங்கக் கடலுக்கே தள்ளிச்செல்லும். பாக்கு நீரிணைப் பக்கத்திலோ, இழுபட்டுச் செல்லும் வள்ளத்துக்குக் கடலில் வரைந்த எல்லைக்கோடு தெரிவதில்லை. ஆகவே, இயந்திரத்தை உடனே நிறுத்துவதே முதற் செயல். வள்ளம் அள்ளுண்டு போகாதவாறு நங்கூரமிடுவது இரண்டாவது. பாக்குக்குடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையதாதலின், அங்கே நங்கூரம் எளிதிற் பிடிக்கும்.

அதன்பின் இயந்திரத்தின் காலை நீருக்கு மேலே தூக்கி, உறிஞ்சும் வாய்களைப் பார்த்தல் வேண்டும். வழியிலே நிகழும் தடைகளுட் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கும். பையோ சாதாழையோ சுற்றியிருந்தாற் கையால் அகற்றிவிடலாம். காலைத் தூக்காமலே சிலர் ஒரு வழியைக் கையாள்வர்: மெதுவான வேகத்தில் இயந்திரத்தைச் சற்றுப் பின்னோக்கிச் செலுத்துவர். முன்னோக்கிய ஓட்டத்தால் வாயில் ஒட்டிக்கிடந்த பை, அப்போது தானே கழன்றுவிடுவதுண்டு. ஆனால் அது தாரை நின்ற அக்கணத்திலேயே செய்யத்தக்கது. இயந்திரம் கொதித்தபின் செய்யத்தக்கதன்று.

வாய்கள் துப்புரவாயிருப்பின் அடுத்துப் பார்க்கவேண்டியது தாரை வரும் துவாரம். கோள்சொல்லியே ஊமையாகிவிட்டதோ என்பதே இங்கு ஐயம். உப்புக் கட்டியோ மணற்பரலோ அத்துவாரத்தை அடைத்தால், உள்ளே நீர் தடையின்றி ஓடினாலும் வெளியே தாரை தெரியாது. கரையிற் சில வாரம் கிடந்த இயந்திரமாயின், குளவி மண்ணாற் கூடு கட்டி அதனை மூடியிருத்தலும் உண்டு. தடித்த தங்கூசித் துண்டொன்றை உள்ளே செலுத்தி முன்னும் பின்னும் அசைத்தாற் போதும். கூரிய கம்பியாற் குத்துவது நன்றன்று; றப்பர்க் குழாயை அது கிழித்துவிடும். மீண்டும் முடுக்கியதும் தாரை பாயுமாயின் பழுது தீர்ந்தது. பாயாவிடினும், மெதுவாக ஓடும் வேளையில் காலின் பின்புறத்துப் புகைத்துவாரத்தில் நீர்த்திவலை வீசுகின்றதா என்று நோக்கலாம். திவலை இன்றி வறண்ட புகையே வருமாயின், ஆறே வற்றிவிட்டது என்று கொண்டு மறுபடியும் நிறுத்திவிடல் வேண்டும். தாரை மெலிந்தேனும் இடையறாது வருமாயின், குறைந்த வேகத்தில், கண்ணை அதைவிட்டு எடுக்காமற் கரைசேரலாம்.

கொதித்துவிட்ட இயந்திரத்தின்மீது வாளியாற் கடல்நீரை அள்ளி ஊற்றுவோரும் உளர். வெந்த சட்டியில் தண்ணீர் தெளித்தால் நேர்வதே அங்கும் நேரும். ஒருபுறம் திடீரெனச் சுருங்க, மறுபுறம் விரிந்தபடி நிற்க, உருளைத்தலை கோணிவிடும். மேல்மூடியைக் கழற்றிக் காற்றுப் பட விட்டு, தானே ஆறவிடுவதே தக்கது.

இத்துணையும் கடலிற் செய்யத்தக்கவை. எஞ்சியவை கரைக்குரியவை, அவற்றுள் முதன்மையானது பம்பி.

அதன் நடுவே, 'இம்பெல்லர்' என்று துறைகளில் வழங்கும் றப்பர்ச் சில்லொன்று இருக்கிறது. பெரும்பாலும் ஆறு இதழ்களுடைய பூப்போன்ற உருவம் அது. சுழல்தண்டில் ஒரு சிறு உலோக ஆப்பினாற் பிணைக்கப்பட்டு, தண்டோடு கூடச் சுழல்கிறது. அது சுழலும் கிண்ணம் வட்டமானதாயினும், தண்டு அதன் நடுவில் அமையாது ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். ஆதலின், ஒரு பக்கத்தில் இதழ்கள் மடங்கிக் கிடக்கும். மறுபக்கத்தில் நிமிர்ந்து விரியும். நிமிரும்போது நீரை உள்ளே இழுக்கும். மடங்கும்போது அதனைப் பிழிந்து மேலே தள்ளும். வேகம் மிகும்போது நீரின் எதிர்ப்பினால் இதழ்கள் சுவரைவிட்டு விலகிக்கொள்ள, சுழற்சியின் விசையே நீரை வீசியெறிகிறது. ஒரே றப்பர்த் துண்டு இருவகைப் பம்பிகளின் தொழிலைச் செய்யும் இவ்வமைப்பு மெச்சத்தக்கதே.

ஆனால் அதன் உயிர் நீரில் இருக்கிறது. இதழுக்கும் கிண்ணத்துக்கும் இடையே வழுக்கலைத் தருவது அதே நீர்தான். ஒயிலோ கிறீசோ அங்கு இல்லை. கரையில் வைத்து, "எஞ்சின் வேலை செய்யுதோ பாப்பம்" என்று நீரின்றி அரை நிமிடம் ஓட்டினாற் கூட, இதழ்களின் நுனி கருகத் தொடங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பின்னொரு நாள் நடுக்கடலில் தெரியும். மணலும் சேறும் நிறைந்த ஆழங்குறைந்த நீரில் அடிக்கடி ஓடுவதும் இதழ்களையும் கிண்ணத்தையும் அராவிவிடும். யாழ்ப்பாணக் கடனீரேரியில் தொழில் செய்வோர் ஆழ்கடலோரைவிடக் கூடிய கவனம் செலுத்தவேண்டியதற்குக் காரணம் இதுவே.

தேய்ந்த இம்பெல்லரின் அடையாளம் ஒன்று உண்டு. மெதுவாக ஓடும்போது தாரை சோர்ந்து துளித்துளியாக விழும். வேகத்தைக் கூட்டியதும் ஓரளவு பாயும். முன்கூறியவாறு, மெதுவான ஓட்டத்தில் இதழின் பிழிதலே நீரைத் தள்ளுவதால், இதழின் தளர்ச்சி அப்போதுதான் முதலில் வெளிப்படுகிறது. மாறாக, மெதுவாகச் செல்கையில் நன்றாயிருந்து, வேகத்திற் கொதிக்குமாயின், பம்பியைக் குறைகூறுமுன் வேறு இரண்டைப் பார்த்தல் நன்று. உறிஞ்சும் வாய் பாதி அடைபட்டிருக்கலாம். அல்லது இயந்திரம் பூட்டப்பட்ட உயரம் மிகுந்திருக்கலாம். விசிறிக்கு மேலே கிடையாக அமைந்த தட்டு, வள்ளத்தின் அடிப்பலகையோடு ஒரே மட்டமாகவோ அதற்குச் சிறிது கீழாகவோ இருத்தல் வேண்டும். அதற்கு மிக மேலாக இருந்தால், வேகத்தில் வாய்கள் நீரோடு காற்றையும் குடிக்கும். குட்டையான காலுடைய இயந்திரத்தை உயர்ந்த பின்பலகையிற் பூட்டிவிட்டு, பம்பியை மூன்று முறை மாற்றிப் பயன் காணாமல் நிற்பது வீண்செலவு.

பம்பியைத் திறக்கக் கீழ்க்கால் முழுவதையும் கழற்றுதல் வேண்டும். பற்சில்லை மாற்றும் கோலின் இணைப்பை முதலில் விடுவித்து, ஆணிகளைக் கழற்றி, காலை நேராகக் கீழே இறக்கினால், சுழல்தண்டின் அடியிற் கிண்ணம் தெரியும். உள்ளே காண்பனவெல்லாம் சான்றுகளே. ஒருபக்கமாக மடங்கியே இறுகிப்போன இதழ், நெடுநாள் ஓடாமற் கிடந்ததைக் கூறும். பளபளவென்று கருகிய நுனி, நீரின்றி ஓடியதைக் கூறும். அடித்தட்டில் நகத்துக்குத் தட்டுப்படும் வரிப்பள்ளங்கள் மணலின் வேலை. அத்தட்டையும் கிண்ணத்தையும் மாற்றாமல் இம்பெல்லரை மட்டும் புதிதாக இட்டால், நீர் அப்பள்ளங்களின் வழியே பின்வாங்கிவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது இதழ்களை எண்ணுவது. ஆறில் ஐந்தே இருக்குமாயின், ஆறாவது எங்கே என்று தேடாமல் மூடிவிடலாகாது. அத்துண்டு நீரோடு மேலே சென்று, உருளையைச் சூழ்ந்த ஒடுங்கிய வழியிலோ வெப்பநிலைநிறுத்தியின் வாயிலோ சிக்கியிருக்கும். புதிய பம்பி பூட்டியும் இயந்திரம் கொதிக்கிறது என்ற முறைப்பாட்டுக்கு இதுவே பலமுறை காரணம். குழாயின் மேல்முனையிலிருந்து கீழ்நோக்கி நன்னீரைப் பாய்ச்சினால் துண்டு வந்த வழியே வெளிவருவதுண்டு.

மீளப் பூட்டும்போது நேரும் பிழைகளும் சில. உலோக ஆப்பு நழுவி விழுந்தால், தண்டு சுழலும், சில்லு சுழலாது. கிண்ணத்தை அழுத்தும்போது, இயந்திரம் சுழலும் திசையிலேயே தண்டைத் திருப்பி இதழ்களை மடியச்செய்தல் வேண்டும். பெரும்பாலான இயந்திரங்களில் மேலிருந்து பார்க்க அது கடிகாரமுள்ளின் திசை. சவர்க்கார நீரை இதழ்களில் தடவிக்கொண்டால் வேலை எளிதாகும். காலை மேலே ஏற்றுகையில் நீர்க்குழாயின் முனை அதற்குரிய றப்பர் வளையத்துட் சரியாகப் புகவேண்டும். புகாது விலகி நின்றால், பம்பி தள்ளும் நீரெல்லாம் இயந்திரத்தை அடையாமலே காலுக்குள் ஒழுகிப்போம்.

வருடத்துக்கு ஒருமுறையேனும் இம்பெல்லரைப் பார்க்கவேண்டும் என்பது பொதுவான அறிவுரை. நாள்தோறும் தொழிலுக்குச் செல்லும் இயந்திரம் பொழுதுபோக்குக்கு ஓடும் இயந்திரத்தைவிடப் பன்மடங்கு மணிநேரம் ஓடுவதால், ஆண்டுக் கணக்கை விட்டு மணிக் கணக்கைக் கொள்வதே பொருத்தம். வாடைக்காற்றில் தொழில் குறையும் மாதங்கள் அதற்கு வாய்ப்பானவை.

இனி, தாரை நன்றாகப் பாய்ந்தும் இயந்திரம் கொதிக்கும் நிலை. பல இயந்திரங்களில் தாரையாகும் கிளை, நீர் வெப்பநிலைநிறுத்திக்கு வருமுன்னரே பிரிந்துவிடுகிறது. ஆகவே நிறுத்தி மூடியபடி சிக்கிக்கொண்டால், தாரை குறைவின்றிப் பாயும். உருளைத் தலையிலோ நீர் நகராமல் நின்று கொதிக்கும். கைக்கு இளஞ்சூடாகப் படும் தாரை இயல்பானது. ஆவி பறக்கும் தாரை அபாய அறிவிப்பு. இன்றைய இயந்திரங்கள் பலவற்றில் எச்சரிக்கை ஒலி எழுந்து வேகமும் தானே குறையும். அவ்வசதியற்ற சிறிய இயந்திரங்களுக்கோ, உடையவனின் கண்ணும் மூக்குமே காவல். மேல்மூடியிலிருந்து எரிந்த பூச்சின் மணம் வருவதை மூக்கு முதலில் அறியும்.

'தேர்மோஸ்டற்' என்று வழங்கும் இந்நிறுத்தியைக் கழற்றிச் சோதிப்பது கடினமன்று. அடுப்பில் நீரை வைத்து, நூலிற் கட்டி அதனைத் தொங்கவிட்டு, வெப்பமானியையும் அருகே பிடித்தால், எப்போது திறக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இவ்வகை இயந்திரங்களிற் பலவற்றில் 50 முதல் 60 பாகை வரையில் அது திறக்கும். மோட்டர் வண்டியின் நிறுத்தி 80 பாகைக்கு மேலேதான் திறக்கும். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கடல்நீரே: வெப்பம் மிகமிக, அதிற் கரைந்துள்ள சுண்ணப் பொருள்கள் பிரிந்து சுவரில் ஓடாகப் படியும். அந்த ஓடு வெப்பத்தை நீருக்குக் கடத்தாது. சுவர் மேலும் சூடேறும். மேலும் ஓடு படியும். எனவே வண்டியின் நிறுத்தியைப் படகு இயந்திரத்துக்கு இடுதல் கூடாது.

"அதைக் கழற்றி எறிந்துவிட்டால் தொல்லை தீரும்" என்ற கருத்து துறைதோறும் உண்டு. அதனை ஏற்பதற்கில்லை. நிறுத்தியின்றி எந்நேரமும் குளிர்ந்தே ஓடும் இயந்திரத்தில் எரிபொருள் முற்றாக எரிவதில்லை. பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்துக்கு இது இன்னும் கேடு. மண்ணெண்ணெய் ஆவியாவதற்குச் சூடு தேவை. பிளக் கரிபிடிக்கும், புகை கூடும், எரிபொருள் வீணாகும். 2022ஆம் ஆண்டு ஆவணியில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியதை அனுபவித்த கடற்றொழிலாளருக்கு, வீணாகும் ஒவ்வொரு துளியின் விலையையும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நிறுத்தியும் பம்பியும் குற்றமற்றவையாயின், உருளைத்தலையின் 'கஸ்கற்' மீது ஐயம் செல்லும். அது வெந்து வழிவிட்டால், எரிவாயு நீரறைக்குட் புகுந்து நீரை விரட்டும். தாரை குமிழியிட்டு விட்டுவிட்டு வரும். இது முன்பு ஒருமுறை கொதித்த இயந்திரத்திலேயே பெரும்பாலும் காணப்படும். அதனைத் தேர்ந்த கைவினைஞரிடம் விடுவதே முறை.

உப்பும் மணலும் உள்ளே தங்காதிருக்க ஒரே வழி, தொழில் முடிந்ததும் நன்னீரில் ஓட்டிக் கழுவுதல். ஒயில் வந்த பரலை வெட்டி, நன்னீர் நிரப்பி, விசிறியைக் கழற்றிவிட்டு, காலை அதனுள் இறக்கி, பற்சில்லு விடுபட்ட நிலையில் மெதுவான வேகத்திற் பத்து நிமிடம் ஓட்டுவது வழக்கம். நீர்மட்டம் உறிஞ்சும் வாய்களை மட்டுமன்றி, பம்பியிருக்கும் இடத்தையும் மூடி நிற்றல் நலம். நிறுத்தி திறக்கும்வரை இயந்திரம் சூடேறினால்தான் நீர் எல்லா அறைகளுக்கும் செல்லும். ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்துவோர் வாசலை மட்டும் கழுவியவராவர்.

நெடுந்தீவு போன்ற இடங்களில், குடிப்பதற்கே நன்னீரைத் தேடும் மக்களிடம் இவ்வறிவுரை இலகுவிற் செல்லாது. அங்கே நாள்தோறும் முடியாவிடினும், இயந்திரம் சில நாள் ஓடாதிருக்கப்போகும் வேளையிலேனும் இதனைச் செய்தல் வேண்டும். உப்பு ஈரமாயிருக்கும்வரை நீரோடு போய்விடும். காய்ந்து இறுகிய பின்னரே அது கேடு செய்கிறது. முற்றிலும் நன்னீராயில்லாத கிணற்றுநீரும் கடல்நீரைவிட உப்புக் குறைந்ததே. கழுவியபின் இயந்திரத்தைச் சாய்த்துக் கிடத்தாமல், நிமிர்த்தி நிறுத்தி வைத்தால் எஞ்சிய நீர் தானே வடிந்துவிடும். தாரை வரும் துவாரத்திற் குளவி புகாதபடி ஒரு சிறு துணித்திரியைச் செருகி, அதன் மறுமுனையை முடுக்குக் கயிற்றிற் கட்டிவிடுவது நன்று. அடுத்தமுறை கயிற்றைப் பிடிக்கும் கை, திரியை எடுக்க மறவாது.